மேடைக்கு வெளியே சுயாதீன இசை

சபாக்களையும் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களையும் சாராமல், கலைஞர்கள் தாமே பாட்டெழுதி, தாமே இசையமைத்து, தாமே இடம் தேடி நிகழ்த்தும் இசை சுயாதீன இசை எனப்படுகிறது. தெருமுனை, மீனவர் குப்பம், பள்ளி மைதானம், மாசடைந்த கழிமுகம் முதலியவை இதன் மேடைகளாக அமைகின்றன. மேலைநாடுகளில் 1960களுக்குப் பின் ராக் இசையிலிருந்து இவ்வழக்கம் வளர்ந்தது. தமிழ்நாட்டில் கிட்டாரும் பறையும் சேர்ந்த புதிய குழுக்களின் வழியாக 2010களில் பரவலான கவனம் பெற்றது.

மேடையில்லா இசைக்குத் தஞ்சாவூரை நடுவாகக் கொண்ட காவிரி டெல்டாவில் நெடிய முன்வரலாறு உண்டு. இங்கு ஒவ்வொரு கருவிக்கும் ஒலிக்க வேண்டிய இடமும் வேளையும் மரபால் விதிக்கப்பட்டிருந்தன. யார் எங்கே பாடலாம் என்பதும் அவ்வாறே வரையறுக்கப்பட்டிருந்தது. ஆகவே விதிக்கப்படாத இடத்தில் பாடுவது என்பது தமிழ்ச் சூழலில் உரிமை பற்றிய கேள்வியாகவும் ஆகிறது. இவ்விசையின் ஈர்ப்பைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாட்டை அறிவது தேவை.

மேலைநாட்டுப் பின்னணி

1950களில் இளைஞர்களின் நடன இசையாகப் பரவிய ராக், அடுத்த பத்தாண்டில் ஓவியம், நாடகம், நவீன கவிதை ஆகியவற்றோடு உறவு கொண்டது. மூன்று நிமிடப் பாட்டு என்னும் வரம்பை மீறி நீண்ட இசைக்கோவைகளையும் காட்சியமைப்புகளையும் கொண்ட இவ்வகை, கலை ராக் என்று அழைக்கப்பட்டது. நியூயார்க் நகரின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு 1966இல் ஓவியர் ஆண்டி வார்ஹோலுடன் சேர்ந்து ஒளி, திரைப்படம், நடனம் கலந்த நிகழ்ச்சிகளை நடத்தியது. பீட்டில்ஸ் குழுவினர் 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் தம் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் வாசித்தனர். பிங்க் ஃபிளாய்ட் குழு 1971 அக்டோபரில் இத்தாலியின் பாம்பேயி நகரிலுள்ள பழைய ரோமானிய வட்டரங்கில், பார்வையாளர் இல்லாமல், ஒரு திரைப்படத்துக்காக வாசித்தது.

இவை பெரும்பாலும் புகழ்பெற்ற குழுக்கள் விரும்பித் தேர்ந்த இடங்கள். 1970களின் பிற்பகுதியில் எழுந்த பங்க் இயக்கத்தின் நிலை வேறு. அரங்கு வாடகைக்கும் ஒலிப்பதிவுக்கும் பணமில்லாத இளைஞர்கள் கார் கொட்டகைகளிலும் வீட்டு நிலவறைகளிலும் வாசித்தனர். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. பெர்லினில் 1980இல் தோன்றிய ஐன்ஸ்டுர்ட்செண்ட நொய்பௌட்டன் குழு பழைய இரும்புத் துண்டுகளைக் கருவிகளாக்கியது; நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் உள்வெளியிலேயே ஒலிப்பதிவும் செய்தது. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு இசைப்பது, இடத்தின் ஒலியையே இசையின் பகுதியாக்குவது என்னும் இரண்டு பண்புகள் இவ்வாறு உருவாயின.

டெல்டாவில் தெருவே மேடை

நாற்காலியும் நுழைவுச்சீட்டும் உள்ள சபா அரங்கு தமிழிசை வரலாற்றில் அண்மைக் காலத்தது. சென்னை மியூசிக் அகாதெமி 1928இல் தொடங்கப்பட்டது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தஞ்சைப் பகுதியில் கோயிலும் அதைச் சூழ்ந்த தெருக்களும் இசைக்களங்களாக இருந்தன. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டிரை வரவழைத்துக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடளித்துக் குடியமர்த்தியதைக் கூறுகின்றன.

திறந்தவெளிக்கென்றே அமைந்த கருவி நாகசுரம். கும்பகோணம் அருகேயுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படும் நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி வாசித்தபடி கலைஞர்கள் நடப்பர். வீதி முனைகளில் ஊர்வலம் நிற்கும்போது ராக ஆலாபனை விரியும். கேட்போர் உடன் நடக்கலாம், திண்ணையிலிருந்து கேட்கலாம், பாதியில் எழுந்தும் போகலாம். இத்தெருக்களில் வளர்ந்த கலையைக் கச்சேரி மேடையிலும் முதன்மை பெறச் செய்தவர்களுள் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தலையாயவர். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் (1767–1847) உஞ்சவிருத்தியாகத் தெருக்களில் பாடிச் சென்று அரிசி பெற்று வாழ்ந்தவர் என்பதும் நினைக்கத்தக்கது.

டெல்டாவின் வேளாண் நாட்காட்டியும் மேடைக்கு இடம் தந்தது. சம்பா அறுவடையும் அதையடுத்த உளுந்து, பயறு அறுவடையும் முடிந்தபின் சித்திரை, வைகாசி மாதங்களில் வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12க்கு முந்தைய இந்த இடைவெளியே ஊர்த் திருவிழாக்களின் காலம். மக்களுக்கு ஓய்வு உண்டு, கையில் நெல் உண்டு, திடலும் காய்ந்திருக்கும்.

மெலட்டூர் பாகவத மேளா

தஞ்சாவூருக்கு அருகேயுள்ள மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடைபெறும் பாகவத மேளா, தாமே செய்துகொள்ளும் கலைக்கு நல்ல சான்று. வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவில் இந்நாட்டிய நாடகங்கள் இரவில் நிகழ்கின்றன. இவற்றை இயற்றியவர் மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி, மொழி தெலுங்கு. நடிப்போர் முழுநேரக் கலைஞர்கள் அல்லர். வெவ்வேறு தொழில்களில் ஈடுபட்டு வெளியூர்களில் வசிக்கும் குடும்பத்தினர் விழாவுக்காக ஊர் திரும்பி வேடமிடுகின்றனர். பிரகலாத சரித்திரத்தில் அணியப்படும் நரசிம்ம முகமூடி வழிபாட்டுக்குரியது.

எனினும் இம்மரபில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பர். நடிக்கும் உரிமை குறிப்பிட்ட குடும்பங்களைச் சார்ந்தது. தெருவில் நடப்பதனாலேயே ஒரு கலை எல்லோருக்கும் உரியதாகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

தப்பும் அதற்கு விதிக்கப்பட்ட இடமும்

பறை தஞ்சைப் பகுதியில் தப்பு என்றும், அதன் ஆட்டம் தப்பாட்டம் என்றும் வழங்குகின்றன. வட்டமான மரச்சட்டத்தில் தோல் இழுத்து ஒட்டிச் செய்யப்படும் இக்கருவி, ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட மூங்கில் குச்சியும் கொண்டு அடிக்கப்படுகிறது. ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் ஆட்டத்துக்கு முன் வைக்கோல் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சுவர். நாகசுரத்தைப் போலவே இதுவும் திறந்தவெளிக்குரிய கருவிதான்.

ஆனால் இரண்டும் ஒலித்த இடங்கள் வேறு. நாகசுரம் மங்கல இசையாகக் கோயிலிலும் திருமணத்திலும் இடம் பெற்றது. தப்பு பெரும்பாலும் இழவு வீட்டோடும் ஊர் அறிவிப்போடும் சேர்க்கப்பட்டது. அதை அடிப்பது தலித் மக்களின் கட்டாய ஊர்த்தொண்டாக வைக்கப்பட்டது. கூலி நெல்லாகக் கிடைத்தது; மரியாதை கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பல ஊர்களில் பறையடிக்க மறுப்பதே சுயமரியாதைச் செயலாயிற்று. காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த இளையபெருமாள் (1924–2005) இக்கட்டாயத்தை எதிர்த்த தலைவர்களுள் ஒருவர்.

பின்னர் வேறொரு பார்வையும் எழுந்தது. இழிவு கருவியில் இல்லை, அதை அடிக்கச் செய்த முறையில்தான் இருக்கிறது என்று கூறிய கலைக்குழுக்கள், அதே பறையைக் கல்லூரி வளாகங்களுக்கும் மாநாட்டுப் பந்தல்களுக்கும் கொண்டுவந்தன. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை ஏந்தினர். இழவு வீட்டுக்கு வெளியே, கட்டாயமின்றி, விரும்பி அடிக்கப்பட்டபோது பறையின் பொருளே மாறியது. மறுத்தவர்களும் ஏந்தியவர்களும் வேண்டியது ஒன்றே: கருவியை எங்கே எப்போது ஒலிக்கச் செய்வது என்பதைக் கலைஞரே முடிவு செய்ய வேண்டும்.

திருவையாற்றில் பாடும் உரிமை

இடம் பற்றிய போராட்டம் செவ்வியல் இசையிலும் நிகழ்ந்தது. திருவையாற்றில் காவிரிக் கரையிலுள்ள தியாகராஜர் சமாதியில் 1920களில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). தேவதாசி மரபைச் சேர்ந்த அவர் தம் உடைமைகளைச் செலவிட்டுக் கட்டிய இடத்தில், ஆராதனை விழாவில் பெண்கள் பாட அனுமதி இல்லை. அவர் ஒதுங்கிவிடவில்லை, பெண் கலைஞர்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறத்தில் தனி விழாவே நடத்தினார். பிற்காலத்தில் பிரிவுகள் ஒன்றிணைந்து, பெண்களும் சேர்ந்து பாடும் விழா உருவாயிற்று. இன்று கலைஞர்கள் பந்தலில் தரையில் அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஒன்றாகப் பாடும் காட்சிக்குப் பின்னால் இந்த வரலாறு உள்ளது. முன்வாசல் அடைக்கப்பட்டபோது பின்புறத்தில் தானே மேடை அமைத்துக்கொண்ட இச்செயல், சுயாதீன இசை முயற்சிகளுக்கு உள்ளூர் முன்னோடி எனலாம்.

தெருப்பாடல் இயக்கங்கள்

இருபதாம் நூற்றாண்டின் அரசியல் இயக்கங்கள் தெருமுனையை இசைமேடையாக்கின. 1950களிலும் 1960களிலும் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்துடன் பாடினார். அவருடைய தம்பி இளையராஜாவின் இசை வாழ்க்கை அக்குழுவோடு ஊர் ஊராகச் சென்றதில் தொடங்கியது. 1980இல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் நடத்திய பயிலரங்கு, மேடையும் திரையும் இல்லாத நாடகத்தைத் தமிழில் வளர்த்தது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகளில் மக்கள் தெருவிலேயே அமர்ந்து விடியும்வரை பாட்டும் கூத்தும் கேட்டனர்.

தஞ்சாவூரில் மக்கள் கலை இலக்கியக் கழகம் 1990களில் தமிழ் மக்கள் இசை விழாவை நடத்தத் தொடங்கியது. திருவையாற்று விழாவில் தெலுங்குக் கீர்த்தனைகள் பெற்ற முதன்மைக்கு எதிராக, தமிழ்ப் பாட்டுக்கும் உழைக்கும் மக்களின் இசைக்கும் இடம் கோரிய முயற்சி அது. அவ்வமைப்பின் பாடகரான திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த கோவன், மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக 2015 அக்டோபர் 30 அன்று கைது செய்யப்பட்டார். தேசத்துரோகப் பிரிவின் கீழும் வழக்குப் பதியப்பட்டது. பின்னர் பிணையில் வெளிவந்தார். ஒரு பறையும் சில குரல்களும் மட்டுமே கொண்ட தெருப்பாட்டு எவ்வளவு தூரம் கேட்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

கிட்டாருக்கு முன் வயலின்

மண்ணின் இசையோடு மேலைக் கருவிகள் சேர்வது புதிதன்று. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் (ஆட்சி 1798–1832) அரண்மனையில் ஐரோப்பிய முறை பேண்டு இசை இருந்தது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் வயலினைத் தென்னக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகள். முத்துசுவாமி தீட்சிதர் மேலை மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுசுவர சாகித்தியங்கள் எனப்படுகின்றன. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைப்பது கடினம். கிட்டாரும் டிரம்ஸும் பறையோடு சேர்வதை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

புதிய குழுக்களும் புதிய இடங்களும்

தமிழ்நாட்டில் வெகுமக்கள் இசை என்பது பெரும்பாலும் திரைப்பட இசையே. கதைச் சூழல் இன்றிப் பாட்டு எழுதவும் தயாரிப்பாளர் இன்றிப் பாடவும் விரும்பியோர் தம் வழியைத் தாமே அமைக்க வேண்டியிருந்தது. இசையமைப்பாளர் தென்மாவும் பாடலாசிரியர் கபேர் வாசுகியும் சேர்ந்து நடத்திய குரங்கன் தமிழ் ராக் குழுக்களுள் ஒன்று.

2015 பிப்ரவரி இறுதியில் சென்னை பெசன்ட் நகர் அருகே ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. பாடகர் டி. எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் ஆகியோர் மீனவர் குப்பத்து மக்களுடன் சேர்ந்து இதை நடத்தினர். கர்நாடக இசையும் பரதநாட்டியமும் பறையாட்டமும் ஒரே மேடையில், கட்டணமின்றி நிகழ்ந்தன.

2017 ஜனவரியில் கபேர் வாசுகி எழுதி கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் வெளியானது. எண்ணூர்க் கழிமுகத்தில், அனல் மின் நிலையங்களின் பின்னணியில் அது படமாக்கப்பட்டது. புறம்போக்கு என்பது வருவாய்த்துறை ஆவணங்களில் வரி விதிக்கப்படாத பொது நிலத்தைக் குறிக்கும் சொல்; நீர்நிலை, மேய்ச்சல் நிலம், களம், பாதை ஆகியவை இதில் அடங்கும். பேச்சு வழக்கில் அது வசைச்சொல்லாகிவிட்டது. ஒருவருக்கும் தனியுடைமை அல்லாத நிலத்தில் நின்று அந்நிலத்தைப் பற்றியே பாடியதால், அங்கே இடமும் பாட்டும் ஒன்றாயின. ஏரியும் வாய்க்காலும் குளக்கரையும் நிறைந்த டெல்டாவின் வாசகர்களுக்கு இப்பொருள் அயலானதன்று.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் இணைந்து உருவாக்கிய குழு இது. அயோத்திதாசர் (1845–1914) முன்வைத்த சாதியற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து பெயர் பெற்றது. வடசென்னையின் கானா, ராப், ராக் ஆகியன கலந்த இதன் இசையில் கிட்டாருடன் பறையும், சாவு ஊர்வலங்களில் ஒலிக்கும் சட்டியும் மோளமும் இடம்பெற்றன. ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சபாக்களின் காலமான மார்கழியில், நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் மார்கழியில் மக்களிசை என்னும் விழாவை நடத்தத் தொடங்கியது.

ஈர்ப்பின் காரணங்கள்

இவ்விசை கேட்போரைக் கவர்வதற்குச் சில காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, அண்மை. கலைஞரும் கேட்போரும் ஒரே தரையில் நிற்கின்றனர். பாடுபவரின் மூச்சிரைப்பும் தோல் அதிர்வும் நேரடியாக உணரப்படுகின்றன.

இரண்டாவது, வாசலின்மை. நுழைவுச்சீட்டு, உடை, கைதட்ட வேண்டிய இடம் பற்றிய அறிவு ஆகிய எவையும் தேவையில்லை. தெரியாத இசையை முதன்முதலாகக் கேட்பவருக்குத் தயக்கம் குறைகிறது.

மூன்றாவது, இடத்தின் நினைவு. அலைச்சத்தம், பேருந்து ஓசை, குழந்தையின் அழுகை எல்லாம் இசையோடு கலக்கின்றன. அரங்கு இவற்றை விலக்குகிறது, திறந்தவெளி ஏற்றுக்கொள்கிறது.

நான்காவது, தானும் செய்யலாம் என்னும் நம்பிக்கை. மூன்று பேரும் ஒரு தப்பும் போதும் என்று கண்டவர் மறுநாள் தாமே முயல்கிறார். கேட்போரைக் கலைஞராக்கும் இந்த ஆற்றல் பெரிய அரங்குகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

ஐந்தாவது, தமிழ்ச் சூழலுக்கே உரியது. கானாவும் பறையும் கேட்டு வளர்ந்த ஒருவர், வெளியில் சொல்லக் கூச்சப்படும்படி செய்யப்பட்ட தம் வீட்டு இசையை ஆயிரக்கணக்கானோர் கொண்டாடுவதைக் காண்கிறார். லண்டனின் மொட்டைமாடிக் கச்சேரி தரும் வியப்பிலிருந்து இவ்வனுபவம் வேறுபட்டது.

வரம்புகளும் கேள்விகளும்

இவ்வகை நிகழ்ச்சிகளுக்குக் காவல்துறை அனுமதி தேவைப்படுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்கள்வரை நள்ளிரவு மட்டும் தளர்வு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. விடிய விடியப் பாடும் பழைய வழக்கம் இதனால் சுருங்கியது.

வாழ்வாதாரம் அடுத்த கேள்வி. கட்டணமில்லா நிகழ்ச்சி கேட்போருக்கு நல்லது. கலைஞரின் அடுப்பு எரிய அது போதாது. வேறு வருமானம் உள்ள நகர இளைஞர் தெருவில் இலவசமாக வாசிப்பதும், தப்பையே நம்பி வாழும் கலைஞர் இலவசமாக அடிப்பதும் ஒன்றல்ல. பின்னவருக்குப் பாராட்டைவிட உரிய ஊதியமே முதல் மரியாதை. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற அரசு ஆதரவு விழாக்கள் கிராமியக் கலைஞர்களைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் அழைத்து வருவாய் அளித்தன. ஆனால் எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்பதை அங்கே முடிவு செய்பவர் கலைஞர் அல்லர்.

மூன்றாவது கேள்வி திசை பற்றியது. சபா இசை குப்பத்துக்குச் செல்வது எளிது. குப்பத்து இசை சபாவுக்குள் அதே மதிப்புடன் செல்கிறதா என்பதே சோதனை. ஒருவழிப் போக்கு, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், கொடையாகவே முடியும்.

மதிப்பீடு

சுயாதீன இசையை மேலைநாட்டு ராக் குழுக்களின் பின்பற்றலாக மட்டும் கருதுவோர் தெருவில் நடந்த நாகசுரத்தையும் திருவையாற்றின் பின்புற மேடையையும் தஞ்சையின் மக்கள் இசை விழாவையும் மறந்துவிடுகின்றனர். கிட்டாரும் ஒலிப்பதிவுக் கருவியும் வெளியிலிருந்து வந்தவை; இடத்துக்கான போராட்டம் இங்கேயே இருந்தது. இம்மண்ணில் ஒரு புதிய குழுவை மதிப்பிட, அது எவ்வளவு புதுமையான இடத்தில் வாசித்தது என்று கேட்பது போதாது. அதுவரை அங்கே பாட முடியாதிருந்த யார் அன்று பாடினார், பாடி முடித்தபின் உரிய கூலியுடனும் பெயருடனும் வீடு திரும்பினாரா என்றும் கேட்க வேண்டும்.